பழைய பெட்டிக்கும் ஒரு லைன் கொடு மச்சி!

ராத்திரி மணி 1.55. அலாரம் அடிக்குது. நாளைக்கு எக்ஸாம் எதுவும் கிடையாது. ஊருக்குப் போக ட்ரெயின் பிடிக்கணுமா? அதுவும் இல்லை. ஆனாலும் வண்டலூரில் ஒரு வாடகை வீட்டு ஹாலில் நாலு பேர் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து உட்காருகிறார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் மட்டும் போகிற நேரம். ஜூ பக்கமிருந்து சிங்கம் ஒரு தடவை உறுமி ஓய்கிறது.

''மணி ரெண்டு ஆயிடுச்சுடா... கனெக்ட் பண்ணு!''

2005, 2006 வாக்கில் காலேஜ் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்த அலாரம் அவர்கள் காதில் இன்னும் அடிக்கும். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' என்ற பெயரில் பிராட்பேண்டைக் கொண்டுவந்தது. மாசம் ஐநூறு ரூபாய் ப்ளானில் ஒரு அருமையான சலுகை. ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரைக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் டவுன்லோடு பண்ணிக்கலாம். பகலில் அளவு தாண்டினால் எம்.பி. கணக்கில் காசு. அதனால் மெட்ராஸே தூங்கும்போது நாங்கள் விழித்திருந்தோம்!

அந்த நாலு பேரில் நானும் ஒருத்தன். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு லைன், மூணு அசெம்பிள்டு கம்ப்யூட்டர். அதில் ஒன்று 64 எம்.பி. ராம் வைத்துக்கொண்டு விண்டோஸ் 98-ல் முக்கி முனகுகிற கிழட்டுப் பெட்டி. இந்த மூணையும் ஒரே வயரில் கோர்த்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். பழைய கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்போது ஒரு பழைய லேப்டாப் தூங்கிக்கொண்டிருக்கும். அதற்கும் இந்தக் கதைக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

அப்போது பிராட்பேண்ட் என்றால் 256 கே.பி.பி.எஸ். 2004-ல் மத்திய அரசு வெளியிட்ட பிராட்பேண்ட் கொள்கையே, 'குறைந்தது இந்த வேகம் இருந்தால் அது பிராட்பேண்ட்' என்றுதான் சொன்னது. எட்டால் வகுத்தால் விநாடிக்கு 32 கிலோபைட். இரண்டு மணியிலிருந்து எட்டு மணி வரை ஒரு விநாடிகூட விடாமல் இறக்கினாலும் மொத்தம் 675 எம்.பி.தான். ஒரு சி.டி.யின் அளவோ 700 எம்.பி.! அதாவது, ஒரு முழு ராத்திரி கண் முழித்தாலும் ஒரு சி.டி. நிறையாது. கடைசி இருபத்தைந்து எம்.பி.க்கு மறுநாள் ராத்திரி வரை காத்திருக்கணும். கடுப்பா இருக்குமா, இருக்காதா?

அதற்கு முந்தைய 56 கே டயல்-அப் மோடத்தில் அதே சி.டி.க்கு 28 மணி நேரத்துக்கு மேல். நடுவில் யாராவது ஓனர் வீட்டு எக்ஸ்டென்ஷனை எடுத்து ''ஹலோ'' என்றால் எல்லாம் போச்சு!

இப்போ இதைப் பாருங்க. விண்டோஸ் எக்ஸ்.பி.யின் சர்வீஸ் பேக் 2, சுமார் 266 எம்.பி. அதை ஒருத்தர் இறக்க இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல். நாலு பேரும் தனித்தனியாக இறக்கினால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். ஒரு ராத்திரி போதாது. ஆனால் ஒருத்தர் இறக்கி, மற்றவர்களுக்கு லேன் வயரில் அனுப்பினால்? நூறு எம்.பி.பி.எஸ். கார்டில் பாதி வேகம் கிடைத்தாலே ஒரு நிமிஷத்தில் காப்பி முடிந்துவிடும்.

'ஒருத்தர் இறக்கு, எல்லாரும் எடுத்துக்கோ.' இதுதான் ஷேரிங்கின் மொத்தத் தத்துவமே.

ரிச்சி ஸ்ட்ரீட் படலம்

ஞாயிற்றுக்கிழமை... வேண்டாம், அன்னிக்குக் கடை பாதி மூடியிருக்கும். சனிக்கிழமை வண்டலூரில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, எக்மோரில் இறங்கி, அங்கிருந்து ரிச்சி ஸ்ட்ரீட். லேன் கார்டு, ஹப், இருபது மீட்டர் வயர், ஒரு கைப்பிடி ஆர்.ஜே.45 பின். நாலு பேரும் ஒரு வாரம் மெஸ்ஸில் ஆம்லெட்டைத் தியாகம் செய்த காசு.

இரண்டே கம்ப்யூட்டர் என்றால் ஹப்கூட வேண்டாம். 'கிராஸ் ஓவர்' கேபிள் ஒன்று போதும். வயருக்குள் எட்டு இழை. ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடி இருக்கிற இடத்தில் மறு முனையில் பச்சை ஜோடி. ஒரு கம்ப்யூட்டர் பேசுகிற இழை, அடுத்ததற்குக் கேட்கிற இழையாக இருக்கணும் இல்லையா? அதற்குத்தான் இந்தக் குறுக்கு வேலை. நடுவில் ஹப்போ ஸ்விட்ச்சோ இருந்தால் இரண்டு முனையும் ஒரே வரிசை. இது தெரியாமல் கிரிம்பிங் டூலைக் கடன் வாங்கி, பின்னுக்கு மேல் பின்னாக வெட்டி எறிந்தது தனிக்கதை. இன்றைய ஜிகாபிட் கார்டுகள் எந்த வயரைச் செருகினாலும் தானே சரிபண்ணிக்கொள்ளும். நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்!

வாட்ச்மேன் கையில் நோட்டு

லைன் ஒன்று, கம்ப்யூட்டர் மூணு. வெளியே இன்டர்நெட்டுக்குத் தெரிவது ஒரே ஒரு ஐ.பி. முகவரி. அப்படியென்றால் எனக்கு வரவேண்டிய வெப் பக்கம் பக்கத்து ரூம்காரனுக்குப் போகாமல் எனக்கே எப்படி வருது?

ஒரு ஃப்ளாட்டை நினைச்சுக்கோங்க. ஒரே கேட், ஒரே வாட்ச்மேன். யார் வெளியே ஆர்டர் கொடுத்தாலும் வாட்ச்மேன் நோட்டில் எழுதிக்கொள்கிறார்: 'டோக்கன் 501 - மூணாவது மாடி'. வெளியே போகிற ஆர்டரில் ஃப்ளாட் முகவரியும் டோக்கன் நம்பரும்தான் இருக்கும். பார்சல் வந்ததும் நோட்டைப் பார்த்து மேலே அனுப்புகிறார். நோட்டில் இல்லாத ஆள் வந்தால்? கேட்டோடு சரி! இந்த வாட்ச்மேன் வேலைக்குப் பெயர் 'நாட்'. டோக்கன் நம்பருக்குப் பெயர் 'போர்ட்'.

1999-ல் வந்த விண்டோஸ் 98 செகண்ட் எடிஷனில் இந்த வாட்ச்மேனை மைக்ரோசாஃப்ட் ஓசியில் உட்காரவைத்தது. 'இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்' என்று ஒரு டிக். அவ்வளவுதான்! லைன் வருகிற கம்ப்யூட்டர் தனக்கு 192.168.0.1 என்று முகவரி வைத்துக்கொள்ளும். மற்ற கம்ப்யூட்டர்களில் 'தானாக வாங்கிக்கொள்' என்று விட்டால் 192.168.0.2, 0.3 என்று பந்தி பரிமாறும். 192.168 என்று தொடங்குகிற முகவரிகள் வீட்டுக்குள் புழங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. அதனால்தான் உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஒரே முகவரி இருந்தும் சண்டை வருவதில்லை.

இதில் ஒரே தொல்லை, வாட்ச்மேன் கம்ப்யூட்டர் எப்போதும் ஆனில் இருக்கணும். அதன் சொந்தக்காரன் தூக்கம் வருது என்று ஷட் டவுன் பண்ணினால் மொத்த வீடும் அம்போ! எத்தனை சண்டை... எங்கள் மோடத்துக்குள்ளேயே இந்த ரூட்டர் வேலை செய்யும் வசதி இருந்தது, செட்டிங்கில் ஒரே ஒரு இடத்தை மாற்றினால் போதும் என்பது ஆறு மாசம் கழித்துத்தான் தெரிந்தது. ஆறு மாசம் சண்டை போட்டது வேஸ்ட்!

இன்று நீங்கள் போனில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து ஃப்ரெண்டுக்கு நெட் கொடுக்கிறீர்களே... அதுவும் அச்சு அசல் இதே வாட்ச்மேன்தான். வயர் போய் காற்று வந்தது, நோட்டு அதே நோட்டு.

மொட்டை மாடிக்கு மொட்டை மாடி

நாங்கள் ஒரு வீட்டுக்குள் செய்ததை, அன்றைய சென்னையில் தெருத்தெருவாகச் செய்துகொண்டிருந்தார்கள். சிஃபி நிறுவனம் கேபிள் டி.வி. ஆபரேட்டர்களோடு கைகோத்து பிராட்பேண்ட் கொடுத்தது. ஆபரேட்டர் இருக்கிற இடம் வரை வயர்லெஸ்ஸில் வரும். அங்கிருந்து சாதாரண லேன் வயர், மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாவி, தென்னை மரத்தில் ஒரு சுற்று சுற்றி, ஜன்னல் வழியாக வீட்டுக்குள் நுழையும். நடுநடுவே யாராவது ஒருத்தர் வீட்டில் ஒரு ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கும். அந்த வீட்டில் கரண்ட் போனால் அதற்குப் பின்னால் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் நெட் போகும்.

மாடி மேல் திறந்த வெளியில் ஓடுகிற செம்புக் கம்பிக்கு இடி, மின்னல் என்றால் ஆகாது. பக்கத்தில் எங்கேயாவது மின்னல் இறங்கினாலே கம்பியில் மின்னழுத்தம் எகிறி, இரண்டு பக்கமும் லேன் கார்டு காலி. ஐப்பசி மழை தொடங்கினால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் செய்கிற வேலை, பின்னைப் பிடுங்கிப்போடுவதுதான். இன்றைக்கு வீட்டுக்கு வருகிற ஃபைபர் வயரில் கண்ணாடி இழை. அதில் மின்சாரம் ஓடாது. ஆனாலும் ரூட்டருக்குப் போகிற கரண்ட் வயர் செம்புதானே? மழைக்காலப் பாடம் இன்னும் செல்லும்.

நியூ ஃபோல்டர் வைத்த ஆப்பு

இனி எங்கள் வீட்டு சோகக் கதை. எங்களில் ஒருவர் ஃபைனல் இயர் சீனியர். மூணு கம்ப்யூட்டரையும் கோர்த்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. 'நமக்குள்ள என்னடா ஒளிவு மறைவு' என்று மொத்த டி டிரைவையும் பாஸ்வேர்டு இல்லாமல், யார் வேண்டுமானாலும் எழுதலாம், அழிக்கலாம் என்கிற மாதிரி ஷேர் பண்ணினோம். சீனியரின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பொது மெஷினில் இருந்தது.

ஒரு நாள் நான் பிரவுசிங் சென்டரிலிருந்து பென் டிரைவில் எதையோ கொண்டுவந்தேன். அதில் 'நியூ ஃபோல்டர்' என்று ஒன்று. மஞ்சள் நிற ஃபோல்டர் படம். டபுள் க்ளிக்கினேன். எதுவும் திறக்கவில்லை. திறக்காது. அது ஃபோல்டரே இல்லை, ஃபோல்டர் வேஷம் போட்ட வைரஸ்! அந்தக் காலத்தில் இந்தியா முழுக்க காலேஜ் லேப்களை ஆட்டிப்படைத்த அதே ஆசாமி. டாஸ்க் மேனேஜர் திறக்காது, ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் காணாமல் போகும். போதாக்குறைக்கு, திறந்து கிடக்கிற ஷேர்களுக்கெல்லாம் தன்னையே காப்பி எடுத்து ஒட்டிவிடும்.

ஒரு கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணினோம். பத்து நிமிஷத்தில் அடுத்த கம்ப்யூட்டரிலிருந்து திரும்ப வந்தது. அதை ஃபார்மட் பண்ணினால் இதிலிருந்து அங்கே. கடைசியில் எல்லா வயரையும் பிடுங்கிவிட்டு, ஒரே நேரத்தில் மூணையும் துடைத்தோம். துடைத்து முடித்த பிறகுதான் சீனியர் கேட்டார்:

''டேய், என் ரிப்போர்ட்டை யாரு மெஷின்ல எடுத்து வெச்சீங்க?''

நான் அவனைப் பார்த்தேன். அவன் இவனைப் பார்த்தான்.

''அண்ணா... உங்க மெஷின்ல இருக்கும்னு நெனச்சோம்ணா...''

''என் மெஷின்ல எப்படிடா இருக்கும்? பொது மெஷின்லதான் எல்லாமே தெரியுதேன்னு நான் காப்பியே எடுக்கலை!''

மூணு ஸ்க்ரீனிலும் தெரிந்தது. ஆனால் இருந்தது ஒரே ஒரு இடத்தில்! அதை நாங்களே துடைத்துவிட்டோம். நல்லவேளை, கைடுக்குக் காட்ட எடுத்த பழைய பிரின்ட் அவுட் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மூணு பேரும் மாற்றி மாற்றி வாசிக்க, சீனியர் இரண்டு ராத்திரி உட்கார்ந்து மறுபடி டைப் அடித்தார். கடைசி அத்தியாயம் அந்தப் பிரின்ட்டில் இல்லை. அதை மறுபடி யோசித்து எழுதினார். எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது இரண்டு. ஒன்று, ஷேரிங் வேற, பேக்கப் வேற. பத்து பேர் பார்க்க முடிகிறது என்பதால் பத்து காப்பி இருக்கிறது என்று அர்த்தமில்லை. இரண்டு, கதவைத் திறந்துவைப்பது வேற, கதவே இல்லாமல் இருப்பது வேற.

சாம்பா தந்த மாணவர்

ஃபைல் ஷேரிங்கில் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற மொழிக்கு 'எஸ்.எம்.பி.' என்று பெயர். 1980-களில் ஐ.பி.எம்.மில் பிறந்தது. விண்டோஸ் அல்லாத மெஷின் அந்த மொழியை எப்படிப் பேசும்?

1991 டிசம்பர். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பிஎச்.டி. படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ ட்ரிஜெல் என்ற மாணவருக்கு நம்மை மாதிரியே ஒரு தேவை. தன்னுடைய டாஸ் கம்ப்யூட்டரிலிருந்து யூனிக்ஸ் மெஷினில் இருக்கிற ஃபைலை எடுக்கணும். வயரில் போய்வருகிற தகவலைக் கவனித்துக் கவனித்து, அந்த மொழியைத் தானே கற்று, ஒரு சர்வர் புரொகிராம் எழுதி, ஓசியிலேயே எல்லாருக்கும் கொடுத்தார். முதலில் வைத்த பெயருக்கு வேறொரு கம்பெனியிடமிருந்து ட்ரேட் மார்க் பிரச்னை. உடனே கம்ப்யூட்டரில் இருந்த அகராதியில் எஸ், எம், பி மூணு எழுத்தும் வரிசையாக வருகிற சொல்லைத் தேடினார். கிடைத்தது 'சாம்பா'. நம்ம ஊர் சம்பா நெல் இல்லை பாஸ், பிரேசில் நாட்டு நடனம்!

இன்று லினக்ஸ் போட்ட எந்தப் பழைய கம்ப்யூட்டரும் வீட்டுக்கே ஃபைல் சர்வராக மாறலாம் என்றால் அதற்கு இந்தச் சாம்பாதான் காரணம். இரண்டு மெஷின், ஒரு தேவை, ஒரு மாணவர். ஆரம்பம் அவ்வளவுதான்.

நம்ம பக்கத்திலும் இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. வண்டலூரிலிருந்து ட்ரெயின் ஏறினால் தாம்பரம் தாண்டி குரோம்பேட்டை. அங்கே எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கிற ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும், சென்னை சி-டாக்கும் சேர்ந்து 2005-ல் திறமூல மென்பொருளுக்கான தேசிய மையத்தை ஆரம்பித்தன. அந்த முயற்சியில் வந்ததுதான் 'பாஸ்' லினக்ஸ். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது, பல லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸும் வந்தது. நம்மில் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்!

பழசு என்றால் ஆபத்தா?

பழைய மெஷினை அப்படியே இருக்கிற சிஸ்டத்தோடு நெட்டில் மாட்டினால், ஆமாம், ஆபத்துதான்.

2017 மே 12. 'வான்னாக்ரை' என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே திணறின. அது நுழைந்த கதவு எது தெரியுமா? நாம் பேசிக்கொண்டிருக்கிற அதே ஃபைல் ஷேரிங். எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை. அதற்கான ஒட்டு இரண்டு மாசம் முன்பே, மார்ச்சில் வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

அதனால்தான் 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அந்தப் பழைய எஸ்.எம்.பி.யைத் தானாகவே அணைத்து வைத்தார்கள். உங்கள் எக்ஸ்.பி. மெஷினில் இருக்கிற ஃபோல்டர் புது லேப்டாப்பில் திறக்காததற்குக் காரணம் இதுதான். சிலர், 'பழசை மறுபடி ஆன் பண்ணிடு, வேலை செய்யும்' என்பார்கள். செய்யும். ஓட்டையும் சேர்ந்து வேலை செய்யும்!

இன்னொரு கணக்கும் பாருங்கள். விண்டோஸ் 98-க்கு 2006 ஜூலையிலும், எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலிலும் ஆதரவு முடிந்தது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற சிப் வேண்டும். பல பழைய லேப்டாப்களில் அது கிடையாது. அதாவது, நேற்று வரைக்கும் நன்றாக ஓடிய மெஷின்கள் கூட்டம் கூட்டமாகப் பரண் ஏறப்போகின்றன.

பரணிலிருந்து இறக்குங்க!

2020-ல் ஊரே அடங்கியபோது நினைவிருக்கா? ஒரே போன், இரண்டு பிள்ளைகள், இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஆன்லைன் க்ளாஸ். எத்தனை வீட்டில் அண்ணன் தங்கைக்காக க்ளாஸை விட்டுக்கொடுத்தான். அந்த வீடுகளில் சிலவற்றில் பரண் மேல் ஒரு லேப்டாப் தூசி படிந்து கிடந்திருக்கும். 'அது பழசு, வேலைக்காகாது' என்று முடிவுகட்டிவிட்டதால் யாரும் இறக்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். என்ன செய்யலாம்?

* முதலில் அதில் இருக்கிற ஃபோட்டோ, சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். சீனியரை நினைத்துக்கொள்ளுங்கள்!

* 2 ஜி.பி., 4 ஜி.பி. ராம் இருந்தால் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போடுங்கள். லுபுன்டு, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு மாதிரி. பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். ஒரு காலத்தில் உபுன்டு சி.டி.யை நம்ம வீட்டு முகவரிக்கே இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். 2011-ல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அரை மணி நேர டவுன்லோடுதானே!

* வைஃபை வேலை செய்யவில்லையா? போனை யு.எஸ்.பி. கேபிளில் மாட்டி 'டெதரிங்' ஆன் செய்யுங்கள். நெட் வரும். இல்லையென்றால் ரூட்டரின் பின்னால் சும்மா இருக்கிற லேன் ஓட்டையில் ஒரு வயர்.

* ஃபைல் சர்வர் ஆக்கணுமா? சாம்பாவைப் போட்டு, ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் ஷேர் செய்யுங்கள். மொத்த டிரைவையும் கூடவே கூடாது. வீட்டில் எல்லாரும் படிக்கலாம், ஒருத்தர் மட்டும் எழுதலாம் என்று வையுங்கள். கண்ணால் பார், கையால் தொடாதே! பாஸ்வேர்டு கட்டாயம்.

* 'நெட்வொர்க்'கில் அந்த மெஷின் பெயர் தெரியவில்லை என்று பதறாதீர்கள். பெயர் வரத் தாமதமாகும். விண்டோஸ் மெஷினில் முகவரிப் பட்டையில் இரண்டு பேக்ஸ்லாஷ் போட்டு ஐ.பி. எண்ணை நேரடியாக அடியுங்கள். அன்றைக்கும் இன்றைக்கும் இதுதான் குறுக்குவழி. போனில் வி.எல்.சி. இருந்தால் அந்த ஃபோல்டரில் இருக்கிற வீடியோ லெக்சரை அதிலேயே பார்க்கலாம்.

* எக்ஸ்.பி.யிலோ விண்டோஸ் 98-லோ மட்டும்தான் ஓடும் என்கிற பழைய சாஃப்ட்வேர் எதுவும் இருக்கிறதா? அந்த மெஷின் ஓடட்டும். ஆனால் நெட் வயர் மட்டும் வேண்டாம்.

கரண்ட் பில்லையும் கவனிங்க. பழைய டெஸ்க்டாப் 100 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். இருபத்திநாலு மணி நேரமும் ஓடினால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட். இரண்டு மாசத்துக்கு 144. கரண்ட் பில்லை அது ஒன்றே ஏற்றிவிடும்! அதே வேலையை 20 வாட் லேப்டாப் செய்தால் 29 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். எப்போதும் ஓட லேப்டாப், வேண்டும்போது மட்டும் டெஸ்க்டாப்.

பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாமா?

''பாதிப் பாதி காசு போட்டு ஒரே வைஃபையை ரெண்டு வீடும் வெச்சுக்கலாம்டா'' என்கிற ஐடியா எல்லா ரூமிலும் வரும். ஒரு நிமிஷம். லைன் யார் பெயரில் இருக்கிறதோ, வெளியே தெரிகிற ஐ.பி. முகவரி அவருடையது. வாட்ச்மேன் நோட்டு உள்ளே இருக்கிறது, போலீஸ் வருவது கேட்டுக்கு!

2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சில நிமிஷம் முன்னால் ஒரு மிரட்டல் ஈ-மெயில் வந்தது. ஐ.பி. முகவரியைப் பிடித்துக்கொண்டு போனால் நவி மும்பையில் ஒருவர் வீடு. அவருடைய வைஃபைக்குப் பாதுகாப்பு இல்லை. வேறு யாரோ அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். தான் அனுப்பவில்லை என்று விளக்குவதற்குள் அந்த மனிதர் பட்ட பாடு நாடு முழுக்கச் செய்தி ஆனது.

அதனால் வீட்டுக்கு வருகிற நண்பருக்கு நெட் கொடுங்கள், தாராளமாக. ஆனால் ரூட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று ஒன்று இருந்தால் அதைக் கொடுங்கள். அதில் வருகிறவர்களுக்கு நெட் கிடைக்கும், உங்கள் ஃபோல்டர்கள் பொதுவாகத் தெரியாது. வாசல் திண்ணை மாதிரி! பாஸ்வேர்டை அவ்வப்போது மாற்றுங்கள். காசு வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு லைன் இழுக்கிற யோசனை இருந்தால், முதலில் உங்கள் இணைப்பின் நிபந்தனைகளைப் படியுங்கள். பெரும்பாலும் மறுவிற்பனை கூடாது என்றுதான் இருக்கும்.

போன மாசம் அந்த சீனியர் போன் செய்தார். அவருடைய பையன் இந்த வருஷம் காலேஜ் சேர்ந்திருக்கிறான். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, சாம்பா ஏற்றி, வீட்டு ஃபோட்டோ எல்லாவற்றையும் அதில் வைத்திருக்கிறானாம். அப்பாவிடம் பெருமையாக, ''இனிமே நாம எல்லாரும் எங்கிருந்தும் பாக்கலாம்ப்பா'' என்று சொன்னானாம்.

''நீங்க என்னண்ணா சொன்னீங்க?''

''சூப்பர்டா தம்பின்னு சொன்னேன். அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டேன்... 'இன்னொரு காப்பி எங்கே இருக்கு?'''